சார்ட்டில் இல்லாத வெள்ளிக்கிழமை

துணி வெட்டுகிற மேசையில் துணியைத் தவிர வேறு எதையும் விரிக்கக் கூடாது என்பது டெய்லர் அக்கா தன் வீட்டில் போட்டு வைத்திருந்த ஒரே சட்டம். அந்தச் சட்டத்தை ஒரு மாதமாகத் தினமும் மீறிக்கொண்டிருந்தவர் வேறு யாருமில்லை, அவளுடைய வீட்டுக்காரர்தான். எந்த ஷிஃப்ட் முடிந்து வந்தாலும் சரி, சட்டையைக்கூட மாற்றாமல், வெட்டி வைத்த பள்ளிக்கூடச் சீருடைத் துணியை ஓரமாகத் தள்ளிவிட்டு, நாலு தாளை ஒட்டிப் பெரிதாக்கிய ஒரு சார்ட்டை அங்கே விரிப்பார். மூலைகள் சுருண்டுகொள்ளாமல் இருக்க அவளுடைய கத்தரிக்கோல், அவளுடைய இஞ்சு டேப், அவளுடைய சாக்பீஸ் டப்பா, அவளுடைய ஊசி டப்பா என்று நாலையும் எடுத்து வைப்பார். வைத்துவிட்டு, "நிம்மதியா வேலை செய்யறதுக்கு இந்த வீட்டுல ஒரு இடம் கிடையாது" என்று குறையும் பட்டுக்கொள்வார். கேட்டுக்கொண்டிருந்த அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவர் நகரப் பேருந்து டிப்போவில் டைம் கீப்பர். எந்த வண்டி எந்த நிமிஷம் கிளம்ப வேண்டும், எந்த நிமிஷம் திரும்ப வேண்டும், நடுவில் டிரைவர் டீ குடிக்க எத்தனை நிமிஷம் என்று கட்டம் கட்டி எழுதுவது அவர் வேலை. முப்பத்தோரு வருஷமாக அதையே செய்து செய்து டிப்போவில் அவருக்கு நிமிஷம் என்றே பெயர் வந்துவிட்டது. நேரில் பார்த்தால் நிமிஷம் சார், முதுகுக்குப் பின்னால் வெறும் நிமிஷம். பொருத்தமான பெயர்தான் என்று அக்காவும் நினைத்துக்கொள்வாள். அவளும் வாய் தவறி இரண்டொரு தடவை அப்படிக் கூப்பிட்டிருக்கிறாள்.

டிப்போக்காரர்களின் நாளைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கதை புரியாது. நமக்கெல்லாம் நள்ளிரவு பன்னிரண்டு அடித்தால் நாள் முடிந்துவிடும். டிப்போவில் முடியாது. வெள்ளிக்கிழமை டூட்டி ஏறிய டிரைவர் கடைசி நடையை முடித்து வண்டியைக் கொண்டுவந்து விடும்போது மணி ஒன்று ஆகியிருக்கும், ஒன்றரை ஆகியிருக்கும். அதைச் சனிக்கிழமை என்று எழுதினால் டூட்டி ரிஜிஸ்டர் மொத்தமும் குழம்பிப் போகும். அதனால் அவர்கள் சார்ட்டில் இருபத்து நாலு மணிக்கு அப்புறம் இருபத்தைந்து மணி வரும், இருபத்தாறு வரும். விடியற்காலை நாலு மணிக்கு, அதாவது இருபத்தெட்டு மணிக்குத்தான் வெள்ளிக்கிழமை ஓய்ந்து உட்காரும்.

டிப்போவோடு இது நின்றிருந்தால் பரவாயில்லை. மனிதர் அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். மகள் பிறந்தது நள்ளிரவு தாண்டி முக்கால் மணிக்கு. சான்றிதழில் ஒரு தேதி, அப்பா வாயில் அதற்கு முந்தின தேதி. இரண்டு நாளும் இனிப்பு கிடைத்ததால் அந்தப் பெண் வாயைத் திறக்கவில்லை.

அந்த மகள்தான் இந்தப் பயணத்துக்கே காரணம். வேறு ஊரில் வேலைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. "அப்பா, கல்யாணம் ஆன நாள்லேருந்து அம்மாவை எங்கயாவது கூட்டிட்டுப் போறேன் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டே இருக்கீங்க. வெட்கமா இல்லையா?" என்று போனிலேயே பிடித்து உலுக்கினாள். போகிற இடத்தையும் அவளே சொல்லிவிட்டாள். பாலைவனத்து நடுவில் ஒரு பெரிய நகரம். சுற்றிலும் மணல், நடுவில் மேகத்தை இடிக்கிற கண்ணாடிக் கட்டடங்கள், டிரைவரே இல்லாமல் ஓடுகிற ரயில், பாட்டுக்கு ஏற்ற மாதிரி ஆடுகிற நீரூற்று. டிரைவர் இல்லாத ரயில் என்றதும் நிமிஷத்தின் காது விடைத்துக்கொண்டது. டிக்கெட்டை நானே போடுகிறேன் என்று மகள் சொன்னதற்கு மட்டும் அவர் மசியவில்லை. "நேரம் காலம் பாக்கறது என் தொழில். நீ குறுக்க வராதே" என்று சொல்லிவிட்டு, டிப்போ கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தானே போட்டார்.

டிக்கெட் போட்ட அன்றிலிருந்து சார்ட். சனி, ஞாயிறு, திங்கள், மூன்று நாள். திங்கள் சாயங்காலம் அஞ்சு மணி விமானத்தில் திரும்பல். சனிக்கிழமை 9:10-லிருந்து 9:14 வரை ஹோட்டல் வாசலில் போட்டோ. 9:14 முதல் 9:31 வரை ரயில் நிலையத்துக்கு நடை, இதில் அவளுடைய முழங்காலுக்காக மூன்று நிமிஷம் கூட்டிப் போட்டிருக்கிறது. 11:20 மீன் கண்காட்சி. மாலை 5:10 கோபுரத்தின் உச்சி, சூரிய அஸ்தமனம். பாத்ரூம் போவதற்குக்கூட நாளைக்கு நாலு கட்டம், அதுவும் ஆளுக்குத் தனித்தனியாக.

மெஷினில் பாவாடைக்கு மடிப்பு அடித்துக்கொண்டே அக்கா எல்லாவற்றையும் கேட்டாள். நாலு மாதமாக மூக்கில் ஏறியிருந்த கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்துச் சொன்னாள்.

"எல்லாம் சரிங்க. எனக்கு அதுல ஒரு மணி நேரம் வேணும்."

"எதுக்கு?"

"எதுக்கும் இல்ல. சும்மா. எங்கயாவது ஒரு இடத்துல ரெண்டு பேரும் உக்காரணும்."

"உக்காந்து?"

"உக்காந்து ஒன்னும் இல்ல."

நிமிஷம் பேனாவை மூடி வைத்தார். சார்ட்டை விட்டு அவர் கண் அசையவில்லை. "ஒரு மணி நேரம் வண்டி சும்மா நின்னுச்சுன்னா எனக்கு மெமோ குடுப்பாங்க" என்றார்.

"நான் பஸ் இல்லங்க."

அவர் ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் எதையோ அழித்து, எதையோ எழுதினார்.

அக்கா கேட்டது பெரிய ஆசையா என்று நீங்களே சொல்லுங்கள். வாழ்க்கை முழுக்க உட்கார்ந்தே இருந்தவள்தான் அவள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதெல்லாம் மெஷின் முன்னால், மிதியில் கால் வைத்து, கழுத்து வலிக்க வலிக்க. அவர் விடியற்காலை ஷிஃப்ட் போகிற வாரம் இவள் கண் விழிக்கும்போது அவர் டிப்போவில் இருப்பார். ராத்திரி ஷிஃப்ட் வாரம் அவர் வந்து படுக்கும்போது இவள் மெஷினில் இருப்பாள். இருபத்தாறு வருஷம் இப்படிப் போயிருக்கிறது. கையில் ஊசி இல்லாமல், அவர் பக்கத்தில், அடுத்து என்ன என்ற அவசரம் இல்லாமல் கடைசியாக எப்போது உட்கார்ந்தோம் என்று யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை. அது அவளுக்கு வலித்தது. கோபுரமும் மீனும் வேண்டாம் என்றில்லை, அதெல்லாம் இருக்கட்டும், ஆனால் அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் அவள் பெட்டியையே கீழே இறக்கினாள்.

விடுவாளா. மகளைத் தூது விட்டாள். மகள் அரை மணி நேரம் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசியதன் பலனாக ஞாயிற்றுக்கிழமை நீரூற்றுக்கும் சந்தைக்கும் நடுவில் பன்னிரண்டு நிமிஷம் கிடைத்தது. அதற்கும் ஒரு பெயர் போட்டிருந்தார்: "ஓய்வு (தண்ணீர் குடித்தல் உட்பட)".

"தண்ணி குடிக்கற நேரத்தையும் இதுலயே கழிச்சிட்டீங்களா?" என்று கேட்டாள் அக்கா.

"குடிக்க ரெண்டு நிமிஷம் போதும். மிச்சம் பத்து நிமிஷம் உனக்குத்தான்."

"பிச்சை போடற மாதிரி இருக்கு."

"ஊர்ல எவ்வளவு இருக்கு தெரியுமா பாக்கறதுக்கு? உனக்கு எல்லாத்தையும் காட்டணும்னுதானே ராத்திரி பகலா இதைப் போட்டுக்கிட்டு இருக்கேன்."

அவர் குரல் கொஞ்சம் உடைந்த மாதிரி இருந்தது. அவ்வளவு மெனக்கெடுகிற மனிதரிடம் அதற்கு மேல் என்ன சண்டை போடுவது. ஆனாலும் மனசு ஆறவில்லை. புதன்கிழமை அவர் சார்ட்டைப் பளபளவென்று லேமினேட் செய்து கொண்டுவந்து சுவரில் மாட்டினார். இனிமேல் பேனா ஏறாது, ரப்பர் ஏறாது. அக்கா கிட்டே போய் ஒவ்வொரு கட்டமாகத் தேடினாள். பன்னிரண்டு நிமிஷம் ஒன்பது ஆகியிருந்தது.

"நான் வரல" என்றாள். "நீங்களும் உங்க சார்ட்டும் போய்ட்டு வாங்க. போட்டோவுல அதையே பக்கத்துல நிக்க வச்சுக்கங்க."

"டிக்கெட் போட்டாச்சே" என்றார் அவர், சின்னக் குரலில். வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். கோபப்பட்டிருந்தாலாவது அவளுக்குத் தெம்பாக இருந்திருக்கும்.

மறுநாள் வியாழன். அவருக்குப் பகல் டூட்டி, ஆறு மணி வரை. வெள்ளிக்கிழமையும் மத்தியானம் வரை டூட்டி பார்த்துவிட்டு, வந்து பெட்டி கட்டி, ராத்திரி விமானம் ஏறுவது என்பது திட்டம். அக்கா கோபத்தைக் கையில் இறக்கிப் பெட்டிக்கு உறை தைத்துக்கொண்டிருந்தாள். வரமாட்டேன் என்று சொன்ன வாய் வேறு, தைக்கிற கை வேறு. சீருடையில் மிஞ்சிய கட்டம் போட்ட நீலத் துணி, கூட்டத்தில் நம் பெட்டி எது என்று ஒரு மைல் தூரத்திலிருந்தே தெரியும். முன்பக்கம் டிக்கெட் வைக்க ஒரு பை வைத்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது. அளவு பார்ப்பதற்காக டிக்கெட் காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

எதையும் இரண்டு தடவை அளக்கிற பழக்கம் அவளுக்கு. முதல் தடவை நீளம், அகலம் பார்த்தாள். இரண்டாவது தடவை இஞ்சு டேப் நகர்ந்தபோது அதற்கு அடியில் இருந்த வரி கண்ணில் பட்டது. புறப்பாடு: வெள்ளி, 01:40.

நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். சார்ட்டின் முதல் கட்டத்தில் இருந்தது: வெள்ளி, 25:40, விமானம் புறப்பாடு.

இரண்டும் ஒன்றுதானே என்று கை தன்பாட்டுக்குச் சாக்பீஸை எடுத்துவிட்டது. அப்புறம் சாக்பீஸ் அப்படியே நின்றது. விமானக் கம்பெனிக்கு இருபத்தைந்து மணி கிடையாது. ஊர் உலகத்துக்கெல்லாம் வெள்ளிக்கிழமை நள்ளிரவு பன்னிரண்டுக்கே பிறந்துவிடும், ஒன்று நாற்பதுக்கு அது கைக்குழந்தை. அது நாளைக்கு ராத்திரி இல்லை. இன்றைக்கு ராத்திரி. அக்கா சாக்பீஸைக் கீழே போட்டாள். மணியைப் பார்த்தாள், நாலு பத்து. போனை எடுத்தாள்.

"ஏங்க, நம்ம விமானம் எப்போ?"

"வெள்ளி இருபத்தஞ்சு நாற்பது. சார்ட்ல இருக்கே."

"டிக்கெட்ல என்ன போட்டிருக்கு?"

"ஒன்னு நாற்பது. ரெண்டும் ஒன்னுதான்."

"விமானக் கம்பெனிக்காரன் உங்க டிப்போவுலயா வேலை பாக்கறான்?"

அந்தப் பக்கம் ஒரு வண்டி ஹாரன் அடித்தது, யாரோ யாரையோ பெயர் சொல்லித் திட்டினார்கள். அப்புறம் அவர், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரிக் கேட்டார்.

"இன்னைக்கு என்ன கிழமை?"

"வியாழன்."

"ஐயோ" என்றார் நிமிஷம்.

டிப்போ மேனேஜருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லையாம். "நிமிஷம், ஒரு நாளையே தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே லீவு தாளில் கையெழுத்துப் போட்டாராம். வெள்ளிக்கிழமை டூட்டியை ஒரு சக டைம் கீப்பர் ஏற்றுக்கொண்டார், அதுவும் இதை டிப்போ முழுக்கச் சொல்ல அனுமதி வாங்கிக்கொண்டுதான். ஐந்து மணிக்கு வீட்டுக்குள் வந்த மனிதரைப் பார்த்து அக்காவுக்கே பாவமாகிவிட்டது. முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார்.

"முப்பத்தோரு வருஷம்" என்றார். "ஒரு வண்டி. ஒரே ஒரு வண்டிகூட என்னால லேட் ஆனதில்ல."

"இப்பவும் ஆகலையே. எட்டரை மணி நேரம் இருக்கு. உங்க டிப்போவுல எட்டரை மணி நேரத்துல எத்தனை வண்டி கிளம்பும்?"

"இருநூத்தி இருபது."

"அதுல நம்மளும் ஒன்னுன்னு நினைச்சுக்கங்க. எழுந்திருங்க, துண்டை எடுங்க."

இருபத்தாறு வருஷத்தில் அந்த வீட்டில் நேரத்தை அவள் கையில் எடுத்தது அன்றுதான், சொன்னால் நம்ப மாட்டீர்கள், அவளுக்கு அது பிடித்திருந்தது. பதினொரு பாவாடைக்கு ஓரம் அடிக்க வேண்டியிருந்தது. அதை அப்படியே மூட்டையாகக் கட்டி, அவளுக்குப் பொத்தான் தைத்துத் தருகிற எதிர்வீட்டுக்காரியிடம் கொடுத்து, "நாளைக்குள்ள முடிச்சு ஸ்கூல்ல குடுத்துடு. வந்து சொல்றேன் கதையை" என்றாள். அவர் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, பெட்டி கட்டுவதற்கான கட்டத்தைத் தேடிச் சுவரைப் பார்த்தார். அது வெள்ளிக்கிழமை மத்தியானம் இருந்தது. அக்கா சார்ட்டைக் கழற்றி, சுருட்டி, எல்லாத் துணிக்கும் அடியில் வைத்து மேலே அவருடைய வேட்டியைப் போட்டாள்.

"அது மேல இருக்கணும்" என்றார்.

"அது சனிக்கிழமை வரைக்கும் தூங்கட்டும்."

ஏழு மணிக்கு டாக்சி வந்தது. நீலக் கட்டம் போட்ட பெட்டியைப் பார்த்த டாக்சி டிரைவர், "பள்ளிக்கூடத்துக்குப் போறீங்களா?" என்று கேட்டார். அப்போதுதான் நிமிஷம் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். மற்றபடி விமான நிலையத்தில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் நடக்கவில்லை. நாலு மணி நேரம் முன்னாலேயே போய் உட்கார்ந்திருந்தார்கள், அந்த நாலு மணி நேரமும் அவர் டிக்கெட்டையே வெறித்துக்கொண்டிருந்தார். விமானம் கிளம்பியதும் அக்கா தூங்கிப்போனாள்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்த நகரத்தில் ஹோட்டல் வாசலில் இறங்கினார்கள். வெயில் அதற்குள் வேலையை ஆரம்பித்திருந்தது. எதிரே இருந்த கட்டடத்தின் உச்சியைப் பார்க்க அக்கா தலையை எவ்வளவு பின்னால் சாய்த்தும் போதவில்லை. நிமிஷத்தின் இரண்டு கையிலும் கடிகாரம், ஒன்றில் நம்ம ஊர் நேரம், இன்னொன்றில் இந்த ஊர் நேரம். இரண்டையும் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

கவுன்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுப் பரிதாபமாகச் சிரித்தாள். உங்களுக்கு அறை நாளையிலிருந்துதான், இன்றைக்கு எல்லாம் நிரம்பியிருக்கிறது, சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒன்று காலியாகும், வேண்டுமானால் அதைத் தருகிறேன், அதுவரைக்கும் பெட்டி இங்கே இருக்கட்டும் என்று பொறுமையாகச் சொன்னாள். இவர்களுடைய அரைகுறை இங்கிலீஷுக்கு அது மூன்று தடவை சொன்ன பிறகு புரிந்தது. பெட்டியைக் கொடுக்கும்போது நிமிஷம் சார்ட்டை மட்டும் உருவிக்கொண்டார்.

நடைபாதையில், ஒரு துண்டு நிழலில் நின்று அதைப் பிரித்தார். வெள்ளிக்கிழமைக்கு இருந்தது ஒரே கட்டம், அதில் இருந்த விமானமும் போன ராத்திரியே போய்விட்டது. மிச்சம் வெள்ளை.

"சனிக்கிழமைய இன்னைக்கு ஓட்டிட முடியுமான்னு பாக்கறேன்" என்றார். "முடியாது. கோபுரத்துக்கு நாளைக்குத்தான் டிக்கெட். மீனும் நாளைக்கு. நீரூற்று..."

"சார்ட்டை மடிங்க."

"அப்போ அஞ்சு மணி வரைக்கும் என்ன பண்றது?"

கூட்டத்தில் கை விட்டுப்போன குழந்தை மாதிரி அவர் கேட்டார். அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு மணி நேரம் கேட்டவளுக்கு முழுசாக ஒரு நாள் வந்து வாசலில் நிற்கிறது, ஆனால் அவருடைய முகத்தைப் பார்த்தால் அதைச் சொல்லிக் குதிக்கவும் மனசு வரவில்லை.

கொஞ்ச தூரம் நடந்தார்கள். வெயில் செருப்பு வழியாக ஏறியது. தெருமுனையில் நாலு பக்கமும் கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறை இருந்தது. கதவு தானாகத் திறந்தது, உள்ளேயிருந்து ஜில்லென்று காற்று வந்து முகத்தில் அடித்தது. உள்ளே நீளமாக ஒரு பெஞ்சு, மேலே ஒரு எண் பலகை, அதில் வண்டி நம்பரும் நிமிஷமும் ஓடிக்கொண்டிருந்தன. வேறு ஆளே இல்லை.

"இது பஸ் ஸ்டாப்பு" என்றார் நிமிஷம், கோயிலுக்குள் பேசுகிற குரலில். "பஸ் ஸ்டாப்புக்கு ஏசி போட்டிருக்கான்."

"அப்போ உக்காருவோம்."

முதல் முக்கால் மணி நேரம் அவர் கண் முழுக்க அந்தப் பலகையில்தான். பலகை நாலு நிமிஷம் என்றால் நாலு நிமிஷத்தில் வண்டி வருகிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். வந்தது. அடுத்தது ஒன்பது நிமிஷம், அதுவும் வந்தது. ஒவ்வொரு வண்டியும் நின்று, கதவு திறந்து, டிரைவர் இவர்களைப் பார்த்து, இவர்கள் தலையை ஆட்ட, கதவு மூடிப் போனது. ஏழு வண்டிக்கு அப்புறம் அவருக்குச் சரிபார்க்க ஒன்றும் மிச்சமில்லை. சட்டைப் பையைத் தொட்டார். இடது கடிகாரத்தைப் பார்த்தார், வலது கடிகாரத்தைப் பார்த்தார். பெஞ்சின் விளிம்பில் விரலால் தாளம் போட்டார். அப்புறம் அதையும் நிறுத்தினார்.

"இதுக்குத்தான் நான் பயந்தேன்" என்றார், ரோட்டைப் பார்த்தபடியே.

"எதுக்கு?"

"இந்த மாதிரி காலியா ஒரு மணி நேரத்துக்கு. நீ கேட்டப்போ எழுதணும்னுதான் நினைச்சேன். எழுதப் போனா கை வரல. எனக்கு பஸ்ஸ விட்டா என்ன தெரியும்? நீ பக்கத்துல உக்காந்துட்டு, இந்த ஆள்கிட்ட பேசறதுக்கு ஒன்னுமே இல்லையேன்னு உனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னா? அதான் எதையாவது காட்டிட்டே இருந்துட்டா நல்லதுன்னு."

அக்காவுக்கு, ஒரு மாதமாக அந்த ஆளைத் திட்டியதெல்லாம் நினைவுக்கு வந்தது. பாத்ரூமுக்குப் போட்ட கட்டம், முழங்காலுக்குப் போட்ட மூன்று நிமிஷம், பன்னிரண்டிலிருந்து ஒன்பதான ஓய்வு. இந்த மனிதர் பயந்துபோய் உட்கார்ந்துகொண்டு கட்டம் கட்டியிருக்கிறார் என்று அவளுக்கு ஏன் தோன்றவே இல்லை.

"பேசணும்னு யாரு கேட்டா?" என்றாள். "உங்களைக் கொஞ்ச நேரம் பாக்கணும்னு கேட்டேன். அதுக்குப் போய் மீனைக் காட்டறேங்கறீங்க."

அவர் திரும்பினார். நேராக, ரொம்ப நேரம் அவளைப் பார்த்தார். புருவம் மெல்லச் சுருங்கியது.

"கண்ணாடி எப்போ போட்டே?"

"நாலு மாசம் ஆச்சு."

"வீட்டுலயா போட்டிருந்தே?"

"இல்ல, தினம் நீங்க வர்றப்போ எதிர்வீட்டுல கழட்டிக் குடுத்துட்டு வருவேன்."

நிமிஷத்தின் காது சிவந்துபோனது. கையை நீட்டி, கண்ணாடியின் காம்பை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார், புது வண்டியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி.

"நல்லா இருக்கு" என்றார். பிறகு, "என்ன ஆச்சு? கண்ணு வலிச்சுதா? எங்கிட்ட சொல்லவே இல்லையே" என்றார்.

"சொல்றதுக்கு நீங்க எங்க நின்னீங்க? கேளுங்க. ஒரு நாள் ஊசில நூல் கோக்கறேன், கோக்கறேன், போகவே இல்ல. ஊசிதான் ஒடிஞ்சுபோச்சுன்னு நினைச்சு மூணு ஊசி மாத்திட்டேன். அடுத்த நாள் ஒரு பொண்ணோட சட்டைக்குக் காலரைத் தலைகீழா வச்சுத் தைச்சுட்டேன். அந்தப் பொண்ணோட அம்மா ஒன்னும் சொல்லல, காலரைப் பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க, கண்ணாடிக் கடைக்கு வழி மட்டும் சொன்னாங்க."

அவர் சிரித்தார். தோள் குலுங்குகிற சிரிப்பு. அவள் கல்யாணமான புதிதில் கேட்டது.

"கடைக்காரர் ஒரு பலகையை மாட்டி எழுத்தைப் படிக்கச் சொன்னாரு. முதல் வரி சரியாச் சொல்லிட்டேன். ரெண்டாவது வரிலயே மங்கிப்போச்சு. மூணாவது வரி..."

அப்போது எட்டாவது வண்டி வந்து நின்றது. கதவு திறந்தது. இந்த டிரைவர் மற்றவர்களைப் போலத் தலையாட்டலோடு விடுகிற ஆள் இல்லை போலிருக்கிறது, ஏறுகிறீர்களா இல்லையா என்று கையைக் காட்டிக் கேட்டுக்கொண்டு காத்திருந்தார். நிமிஷம் சட்டென்று எழுந்தார். கண்ணாடிக் கதவைத் தாண்டி வெளியே போய், வண்டி வாசல்கிட்டே நின்றார். அக்கா, ஏறிவிடப் போகிறார், இந்த வண்டி எங்கே போகிறதென்று பார்த்துவிட்டு வருவோம் வா என்று கூப்பிடப் போகிறார் என்று நினைத்தாள்.

நிமிஷம் வண்டியை முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் ஒரு தடவை பார்த்தார். முப்பத்தோரு வருஷமாக டிப்போ வாசலில் நின்று ஒவ்வொரு வண்டிக்கும் காட்டுகிற மாதிரி வலது கையை உயர்த்தி, முன்னால் வீசி, "ரைட், போலாம்" என்றார். டிரைவருக்கு வார்த்தை புரிந்திருக்காது, கை புரிந்தது. தானும் ஒரு கையை உயர்த்திவிட்டு வண்டியை எடுத்தார்.

அவர் திரும்பி வந்து, முன்னைவிடக் கொஞ்சம் நெருக்கமாகவே, அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எங்க விட்டேன்?" என்றாள் அக்கா. கேட்டதும்தான், நாலு மாதமாகக் கண்ணாடியையே கவனிக்காதவரிடம் போய் இதைக் கேட்கிறோமே என்று தோன்றியது.

"மூணாவது வரி" என்றார் நிமிஷம். "உனக்குத் தெரியல. நீ தெரியற மாதிரியே ஏதோ சொல்லியிருப்பே."

"ஆமா" என்று அவள் தொடர்ந்தாள்.